வண்டி எண்ண எது சரி: ரப்பர் குழாயா, ரேடாரா, கேமராவா, ஆளா?

ஊர் ரோட்டை அகலப்படுத்தச் சொல்லி மனு கொடுக்கிறவர்கள், பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை கேட்கிறவர்கள், புராஜெக்டுக்காக ரோட்டோரம் உட்காருகிற சிவில் மாணவர்கள், எல்லோரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். இந்த ரோட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி போகிறது, அதை நம்பும்படி எப்படி எண்ணுவது? சில நாள் வைத்துவிட்டுக் கழற்றி எடுத்துப்போகிற கருவிகள் இப்போது நாலைந்து வகை இருக்கின்றன. விற்கிறவர்கள் சொல்லும் துல்லியம் பெரும்பாலும் கார்களும் லாரிகளும் தத்தம் தடத்தில் வரிசையாக ஓடுகிற சாலைகளில் அளந்தது. நம் நாட்டில் பதிவான வாகனங்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு இருசக்கர வாகனம், அதுவும் தடம் பார்த்து ஓடுவதில்லை. அதனால் கருவியைத் தேர்வு செய்யும்போது நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: இது பைக்கை விடாமல் எண்ணுமா? மற்றதெல்லாம் அப்புறம்.

பைக் சின்ன வண்டிதானே, சில நூறு விட்டுப்போனால் என்ன என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாலைகளுக்கான விதிமுறைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 64 (1990) என்ற வழிகாட்டி வண்டிகளைக் கார் அளவுக்கு மாற்றிக் கூட்டச் சொல்கிறது, அதைத்தான் பிசியு என்கிறோம். பைக்குக்கு 0.5, காருக்கும் ஆட்டோவுக்கும் 1, சிறு சரக்கு வண்டிக்கு 1.5, பஸ், லாரிக்கு 3, டிரெய்லர் பூட்டிய டிராக்டருக்கு 4.5. சமவெளியில் வளைவு குறைந்த இடமென்றால் 3.75 மீட்டர் ஒருவழித்தடம் நாளைக்கு 2,000 பிசியு வரை தாங்கும், 5.5 மீட்டர் இடைவழித்தடம் 6,000, 7 மீட்டர் இருவழித்தடம் 15,000. இப்போது ஒரு இடைவழித்தடச் சாலையை எடுத்துக்கொள்வோம், எண்கள் நான் உதாரணத்துக்குப் போடுவது: பைக் 5,000, கார் 1,500, ஆட்டோ 300, சிறு சரக்கு வண்டி 200, பஸ்ஸும் லாரியும் சேர்த்து 350, டிரெய்லர் டிராக்டர் 100. கூட்டினால் 6,100 பிசியு, அகலப்படுத்தக் கேட்க நியாயம் இருக்கிறது. கருவி பைக்கில் 15 சதவீதத்தை மட்டும் தவறவிட்டால் 375 குறைந்து 5,725 ஆகிவிடும், மனு அங்கேயே படுத்துவிடும். நூறு பக்கம் அறிக்கை எழுதினாலும் அந்த ஒரு ஓட்டை அடைபடாது.

முதலில் ரப்பர் குழாய். உலகம் முழுக்க ரொம்ப காலமாகப் புழங்கும் முறை இது. சாலைக்குக் குறுக்கே குழாய் போட்டு ஒரு முனையை அடைத்துவிட்டு, மறு முனையை ஓரத்தில் இருக்கும் பெட்டியில் செருக வேண்டும். டயர் ஏறினால் காற்று அழுந்தி ஒரு துடிப்பு பெட்டிக்குப் போகும். ஆஸ்திரேலியாவின் மெட்ரோகவுண்ட் போன்ற பெட்டிகள் ஒரு மீட்டர் இடைவெளியில் போட்ட இரண்டு குழாய்களின் துடிப்புகளை நேரத்தோடு பதிந்துவைக்கும். முதல் குழாயிலிருந்து இரண்டாவதுக்குப் போக எடுத்த நேரத்தில் வேகம் தெரியும், வேகம் தெரிந்தால் அச்சுக்கும் அச்சுக்கும் உள்ள தூரம் தெரியும், அதை வைத்து வண்டி எந்த வகை என்று பிரிக்கும். அழகான யோசனை, மின்சாரமும் வேண்டாம், பேட்டரியில் நாள்கணக்கில் ஓடும், இருட்டும் மழையும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

பிரச்சினை அந்த அச்சுத் தூரத்தில்தான் இருக்கிறது. டாடா ஏஸ், அதாவது நம் குட்டி யானையின் அச்சுத் தூரம் 2.1 மீட்டர். பஜாஜ் ஆட்டோவுக்கு 2 மீட்டர். ஸ்விஃப்ட் காருக்கு 2.45. கொஞ்சம் அளவுப் பிழை வந்தாலே குழாயால் குட்டி யானையையும் ஆட்டோவையும் பிரிக்க முடியாது, சின்னக் காரோடும் குழம்பும். குட்டி யானைக்கு 1.5 பிசியு, மற்றதுக்கு 1 என்று கணக்கு வேறு வேறு. பைக் தனியாக வந்தால் 1.2, 1.3 மீட்டரில் தெளிவாகத் தெரியும், ஆனால் நம் ரோட்டில் பைக் எப்போது தனியாக வந்தது? இரண்டு பைக் தோளோடு தோள் ஏறினால் அரைகுறைத் துடிப்புகள் கலந்து, பெட்டி ஒரு காரை உண்டாக்கிவிடும், அல்லது ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடும். எதிரெதிர்த் திசையில் ஒரே நேரத்தில் ஏறினாலும் இதே கதி. எடை குறைந்த மொபெட் ஓரமாக, குழாய் இறுக்கமில்லாத இடத்தில் ஏறினால் துடிப்பே போகாமலும் இருக்கலாம்.

போடுகிற கை சுத்தமாக இருக்க வேண்டும், அதைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு குழாயும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். துடிப்பு குழாய்க்குள் ஒலியின் வேகத்தில், நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஒரு குழாய் இன்னொன்றைவிட 2 மீட்டர் நீளம் என்றால் 6 மில்லிநொடி தாமதம் வரும். 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு மீட்டரைக் கடக்க 50 மில்லிநொடிதான் எடுக்கும், அதில் 6 மில்லிநொடி தவறினால் வேகத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் பிழை. வேகத்தை நம்பித்தான் அச்சுத் தூரம், அதை நம்பித்தான் வகை. எல்லாம் சேர்ந்து சரியும்.

டெல்டா பக்கம் குழாய் போட நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சேற்று உழவு நேரத்தில் கேஜ் வீலைக் கழற்றாமலே தார் ரோட்டில் ஏறுகிற டிராக்டர்கள் இருக்கின்றன. அந்த இரும்புச் சக்கரம் ஒரே ஒரு தடவை ஏறினால் போதும், குழாய் போச்சு, அதற்கப்புறம் பெட்டி பதிந்ததெல்லாம் வீண். சித்திரை வெயிலில் தார் இளகி, குழாயைப் பிடித்திருக்கும் ஆணியும் தளரும், அதனால் காலையும் மாலையும் யாராவது போய்ப் பார்த்தே ஆக வேண்டும். பஸ் நிறுத்தத்துக்கும் சிக்னலுக்கும் பக்கத்தில் குழாய் போடவே கூடாது, குழாய் மேல் வண்டி நின்றாலும் ஊர்ந்தாலும் கணக்கு கலைந்துவிடும்.

ஆனாலும் குழாயை ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஒரு ஊராட்சி ஒன்றியச் சாலை, மணிக்கு நூறு வண்டிக்குள், வண்டிகள் இடைவெளி விட்டு வருகின்றன என்றால் இதைவிட நல்லது கிடையாது. ஒரு வாரம் இரவு பகலாகப் பதியும், ஆள் தூங்கிவிடுவானோ என்ற கவலை இல்லை.

ரேடார் வேறு மாதிரி. ஓரத்துக் கம்பத்தில் கட்டிவிட்டால் சாலையைத் தொட வேண்டியதே இல்லை. ஹூஸ்டன் ரேடார் நிறுவனத்தின் அர்மடில்லோ மாதிரி சின்னப் பெட்டிகள் இதற்கென்றே வருகின்றன. பக்கவாட்டிலிருந்து அலை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து வண்டியின் வேகத்தையும் நீளத்தையும் கணிக்கும். வேகம் அளப்பதில் இதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு. ரோட்டில் குறுக்கே குழாய் கிடந்தால் போலீஸ் ஏதோ வைத்திருக்கிறது என்று பலர் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள், நீங்கள் அளந்தது அவர்களின் வழக்கமான வேகமாக இருக்காது. கம்பத்துப் பெட்டியை யாரும் கவனிப்பதில்லை. பள்ளி வாசலில் வேகத்தடை கேட்கப் போகிறீர்களா, நூற்றில் 85 வண்டி எந்த வேகத்துக்குள் போகிறது என்ற அந்த ஒரு எண்ணைத்தான் பொறியாளர் கேட்பார், அதற்கு ரேடார் போதும், மூன்று சாதாரண வேலை நாள் வைத்தால் நிறைவாக வரும். வகை பிரிக்க மட்டும் நம்பாதீர்கள். நீளத்தை வைத்துச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று பிரிக்கிற கருவிக்கு ஆட்டோவுக்கும் சின்னக் காருக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கவாட்டில் பார்ப்பதால், இந்தப் பக்கம் பஸ் போகும்போது அந்தப் பக்கம் போகும் மூன்று பைக்கும் மறைந்துவிடும். நெரிசலில் வண்டி நின்றுவிட்டால் நகராத பொருளைப் பல ரேடார்கள் மறந்தேவிடும்.

சாலை நடுவில் ஒட்டிவைக்கும் காந்தத் தகடு வகையும் உண்டு. இரும்பு மேலே போனால் புவியின் காந்தப்புலம் கலைவதை வைத்து எண்ணும். தகட்டுக்கு நேர் மேலே போகாத பைக்கை அது அறியாது, எனவே நமக்கு ஆகாது. சாலையை வெட்டிப் பதிக்கும் கம்பிச் சுருளும், அழுந்தினால் மின்துடிப்பு தரும் பீசோ பட்டையும் சுங்கச்சாவடிக்குப் பொருந்தும், தூக்கிக்கொண்டு போகிற வேலைக்கு இல்லை.

கேமராதான் எனக்குப் பிடித்தது, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாக் கருவியும் எண்ணை மட்டும் தருகிறது, கேமரா சாட்சியைத் தருகிறது. எண் தவறு என்று சந்தேகம் வந்தால் அந்த மணி நேரத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். கனடாவின் மியோவிஷன் ஸ்கவுட் மாதிரி கம்பத்தோடு வரும் கருவிகள் இந்த வேலைக்கென்றே செய்தவை, விலை அதிகம். ஒரு சாதாரண கண்காணிப்பு கேமராவும் பேட்டரியும் வைத்தே நாம் இதைச் செய்துவிட முடியும். சந்திப்பில் எத்தனை வண்டி இடப்பக்கம் திரும்பியது, எத்தனை நேராகப் போனது என்று வேண்டுமென்றால் கேமராவைத் தவிர வேறு கருவி இல்லை. நடந்து போகிறவர்களை எண்ண வேண்டுமென்றாலும் அப்படித்தான், குழாய்க்கு மனிதர்கள் இருப்பதே தெரியாது.

கணக்கைச் சரியாகப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 22 ஜிபி, ஏழு நாளைக்கு 150 ஜிபிக்குக் கொஞ்சம் மேல், ஒரு 256 ஜிபி கார்டில் அடங்கிவிடும். கேமரா 5 வாட் இழுக்கிறது என்றால் 12 வோல்ட், 42 ஆம்பியர் மணி கார் பேட்டரியில் 500 வாட் மணி இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி கெடும், ஆக இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதைப் போட்டுப் பார்க்காமல் வைத்துவிட்டு ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் பேட்டரி கெட்டு, கேமரா அணைந்து கிடக்கும்.

உயரம் ரொம்ப முக்கியம். இடுப்பு உயரத்தில் வைத்த கேமராவுக்கு ஒரு பஸ் வந்தாலே உலகம் மறைந்துவிடும். முதல் மாடி, இரண்டாம் மாடி மொட்டைமாடி கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை, வீட்டுக்காரரிடம் பேசி ஒரு ஓரத்தில் கட்டிக்கொள்ளுங்கள். ஈபி கம்பத்தில் ஏறிக் கட்டுகிற வேலையை மட்டும் யாரும் செய்யவே கூடாது. ஒரு கணக்கெடுப்பும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

பதிந்த காணொளியை எண்ணுவது எப்படி? படத்தில் இருப்பது என்ன வண்டி என்று கண்டுபிடிக்கிற யோலோ மாதிரி இலவச கணினி மாடல்களை லேப்டாப்பில் ஓடவிட்டால் அதுவே எண்ணும் என்கிறார்கள், எண்ணவும் செய்யும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை கோகோ என்ற படத்தொகுப்பில் பயின்றவை. அதில் சைக்கிள், மோட்டார் சைக்கிள், கார், பஸ், டிரக் உண்டு. ஆட்டோ என்ற வகையே கிடையாது! ஆட்டோவைப் பார்த்தால் காணொளியின் ஒரு படத்தில் கார் என்னும், அடுத்ததில் டிரக் என்னும். டிரெய்லர் டிராக்டர், மீன்பாடி வண்டி, மாட்டு வண்டி எல்லாம் அதன் மனம் போனபடி. ஹைதராபாத் ஐஐஐடி வெளியிட்ட இந்தியச் சாலைப் படத்தொகுப்பில் ஆட்டோ தனி வகையாகவே இருக்கிறது, அதை வைத்துப் பயிற்றிய மாடல் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் உங்கள் காணொளியிலிருந்தே சில ஆயிரம் படங்களை எடுத்துக் குறித்துப் பயிற்ற வேண்டியிருக்கும். இரவில் ஹெட்லைட் கூச்சத்தில் இரண்டு பைக் ஒரு கார் ஆவதும், ஒற்றை லைட் லாரி பைக் ஆவதும் நடக்கும். தெருவிளக்கு இல்லாத இடத்தில் இரவுக் கணக்குக்குக் கேமராவை மட்டும் நம்பக் கூடாது.

முகமும் நம்பர் பிளேட்டும் படியாத அளவுக்குத் தெளிவைக் குறைத்துவிடுங்கள், எண்ணுவதற்கு அது தேவையில்லை. வீட்டு வாசல் எதுவும் கேமராவின் பார்வைக்குள் வரக் கூடாது. இது சட்டத்துக்குப் பயந்து சொல்வதில்லை. அந்தத் தெருவில் இருக்கிறவர்கள் நம்மை நம்பி இடம் கொடுக்கிறார்கள்.

கடைசியாக ஆள். கையில் டேலி ஷீட், நாலு கோடு கிழித்து ஐந்தாவதை மேலே போடுகிற பழைய முறை, 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். பழசு என்று யாரும் ஒதுக்க வேண்டாம், பகல் வெளிச்சத்தில் கவனமாக எண்ணுகிற ஒரு மனிதரைவிட நன்றாக வகை பிரிக்கிற கருவியை நான் பார்த்ததில்லை. குட்டி யானையா ஆட்டோவா என்று அவர் யோசிக்கவே மாட்டார். இன்னொன்று, லாரி லோடோடு போகிறதா காலியாகப் போகிறதா என்பதையும் சொல்வார். கிராமச் சாலையை எவ்வளவு தடிமனாகப் போட வேண்டும் என்று தீர்மானிக்க இதுதான் உயிர்நாடி. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் ஆஷோ என்ற மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம் நடத்திய சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்குப்படி, அச்சின் மேல் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் சுமார் 16 மடங்கு. கரும்பு ஏற்றிய லாரியும் திரும்பி வரும் காலி லாரியும் குழாய்க்கு ஒன்றுதான், சாலைக்கு ஒன்றில்லை.

ஆள் முறையின் குறை செலவும் களைப்பும். ஒரு திசைக்கு இரண்டு பேர், இரண்டு திசை, எட்டு மணி நேர ஷிஃப்ட் மூன்று என்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர், ஏழு நாளைக்கு 84 ஆள்வேலை. அதிலும் இரவு இரண்டு மணிக்கு ரோட்டோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, டார்ச்சும் கொடுக்காமல், ஒளிரும் ஜாக்கெட்டும் கொடுக்காமல், விடியும்போது தாளை மட்டும் கேட்டால் என்ன வரும்? ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் 12, 11, 12, 13 என்று கை போனபடி எழுதிய எண்கள் வரும். அந்த மாதிரித் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும், உண்மையான போக்குவரத்து அப்படிச் சீராக இருக்காது. எழுதியவரைத் திட்டிப் பயனில்லை, வேலையை அப்படி வைத்தவர்தான் பொறுப்பு.

சரி, எதை எடுப்பது? அகலப்படுத்தக் கேட்கும் மனு என்றால் ஏழு நாள் கேமரா, அதோடு தினமும் நெரிசல் நேரத்தில் ஒரு மணி நேரமும் இரவில் ஒரு மணி நேரமும் ஆள் எண்ணிக்கை. வேகம் மட்டும் வேண்டுமென்றால் ரேடார், கிடைக்காவிட்டால் சரியாகப் போட்ட குழாய். வண்டி குறைந்த கிராமச் சாலை என்றால் குழாயை மொத்த எண்ணிக்கைக்கு விட்டுவிட்டு, பகலில் ஆள் உட்கார்ந்து லோடு வண்டிகளை மட்டும் லோடு, காலி என்று பிரித்து எழுதட்டும். கையில் காசே இல்லாத ஊர்ச் சங்கம் என்றால் மொட்டைமாடியும் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனும் போதும், காணொளியை ஊர்ப் பிள்ளைகள் முறைபோட்டு எண்ணட்டும்.

கருவி எதுவானாலும் ஆள் எண்ணிக்கையோடு ஒப்பிடாமல் அறிக்கையில் போடாதீர்கள், ஒப்பிடும்போது மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். குழாய் 60 பைக்கை விட்டுவிட்டு, நீள வண்டிகளை இரண்டிரண்டாக உடைத்து 60 கார் கூட்டியிருந்தால் மொத்தம் கச்சிதமாக ஒத்துப்போகும், உள்ளே எல்லாமே தவறாக இருக்கும். வகைவாரியாகப் பாருங்கள், திசைவாரியாகப் பாருங்கள். எண்ணுகிறவர் கைக்கடிகாரமும் பெட்டியின் கடிகாரமும் ஒன்றாக இருக்கிறதா என்று தொடங்கும் முன்பே பாருங்கள், மூன்று நிமிட வித்தியாசம் 15 நிமிடக் கட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

நாள் தேர்வும் கருவித் தேர்வுக்குச் சமமான விஷயம். நகருக்கு வெளியே உள்ள சாலைகளுக்கான ஐஆர்சி 9, வருடத்துக்கு இரண்டு முறை, அறுவடை உச்சத்தில் ஒன்று, மந்தமான காலத்தில் ஒன்று, தொடர்ந்து ஏழு நாள் எண்ணச் சொல்கிறது, திருவிழா மாதிரி வழக்கத்துக்கு மாறான நாளைத் தவிர்க்கவும் சொல்கிறது. நமக்கு இது இன்னும் சிக்கல். பெரிய முகூர்த்த நாள் ஒன்று வாரத்துக்குள் விழுந்தால் கார் எண்ணிக்கை எகிறும், திருவண்ணாமலை பக்கத்துச் சாலை என்றால் பௌர்ணமியைப் பார்க்க வேண்டும், தைப்பூசத்துக்குப் பழனி போகும் சாலைகளில் பாதயாத்திரைக் கூட்டம் ஓரத்தையே அடைத்துவிடும். வாரச்சந்தை நாளை விடாதீர்கள், அது ஒவ்வொரு வாரமும் வருவது, அந்தச் சாலையின் வழக்கத்தில் சேர்ந்தது. காலண்டரைப் பார்க்காமல் தொடங்குகிறவர்கள்தான் அதிகம்.

அனுமதியை மறக்க வேண்டாம். மாநில நெடுஞ்சாலையா, மாவட்ட முக்கியச் சாலையா, ஒன்றியச் சாலையா என்று முதலில் தெரிந்துகொண்டு அந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், காவல் நிலையத்துக்கும் ஒரு நகல். கருவிக்குப் பக்கத்தில் ‘போக்குவரத்துக் கணக்கெடுப்பு நடக்கிறது’ என்று தமிழில் ஒரு அட்டை மாட்டினால் பாதி தொல்லை குறையும், பக்கத்து டீக்கடைக்காரரிடம் விவரம் சொல்லிவைத்தால் மீதியும் குறையும்.

முடிந்ததும் மொத்தத்தை மட்டும் கொடுக்காதீர்கள். எந்த இடம், சாலையின் அகலம், குழாய் என்றால் இடைவெளியும் நீளமும், எந்த நேரத்தில் பேட்டரி மாற்றினீர்கள், எந்த மணி நேரம் விட்டுப்போனது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி 15 நிமிடத் தாள்களோடு சேருங்கள். விட்டுப்போன நேரத்தை நிரப்பாமல் காலியாகவே விடுங்கள். கேமரா வைத்திருந்தால் காணொளியையும் ஒரு பென் டிரைவில் போட்டு மனுவோடு கொடுங்கள், எங்கள் ஆள் எண்ணினால் வேறு வருமே என்று உதவிப் பொறியாளர் சொன்னால், அவர் விரும்புகிற மணி நேரத்தை அவரே ஓட்டி எண்ணிப் பார்க்கட்டும்.